முதுகில் பதிந்த கை

திங்கட்கிழமை, மாலை 4.10.

சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று சிட்டு அடம் பிடித்தாள். ஐந்து வயதுக் குழந்தை. அடம் பிடிப்பது அதன் உரிமை. பள்ளியிலிருந்து அழைத்து வந்த அத்தை அந்த உரிமையை எல்லாம் மதிக்கிற ரகம் இல்லை. பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை உருவிவிட்டு, குழந்தையைத் திருப்பி நிறுத்தினாள்.

பிறகு அவள் போட்ட கூச்சல் மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டது.

குழந்தையின் முதுகில், வலது தோள்பட்டைக்குக் கீழே, ஒரு கை பதிந்திருந்தது. உள்ளங்கை, கட்டைவிரல், மற்ற நான்கு விரல்கள், எல்லாவற்றையும் எண்ணலாம். நிறம் கருஞ்சிவப்பு. விரல் நுனிகளில் நீர் கோத்த கொப்புளங்கள்.

சமையலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தவள் சிட்டுவின் சித்தி. பெற்றவள் போய்ச் சேர்ந்து மூன்று வருடம். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா இவளைக் கட்டிக்கொண்டு ஒன்றரை வருடம். சித்தி என்ற ஒற்றை வார்த்தை போதும். மிச்சக் கதையை அக்கம்பக்கத்தார் தாங்களே எழுதிக்கொள்வார்கள். அத்தையின் கூச்சல் அடங்குவதற்குள் எழுதி முடித்தும் விட்டார்கள்.

5.05க்கு ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவு டாக்டர் சீட்டில் எழுதினார்: 'கை வடிவில் தீக்காயம். வேண்டுமென்றே செய்யப்பட்டதாகச் சந்தேகம்.' குழந்தையை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். 6.20க்கு அத்தை காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தாள். இரண்டு பக்கம். சித்தி என்ற சொல் அதில் பதினொரு இடத்தில் வந்தது.

செவ்வாய்க்கிழமை, காலை 9.15.

குழந்தைகள் பிரிவு சப்-இன்ஸ்பெக்டருக்கு நிலையத்தில், அவர் முதுகுக்குப் பின்னால், 'கடுகு' என்று பேர். ஆள் சின்னது, வெடிப்பது சட்டென்று. அன்று காலை வெடிப்பதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. மின்விசிறி சுற்றவில்லை. கான்ஸ்டபிள் பெண் தலைவலி என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மேஜை மேல் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து வந்த ஒரு தாள் கிடந்தது. மாலை நான்கு மணிக்கு அவர்கள் வண்டி வரும். குற்றவாளி யார் என்று அதற்குள் தெளிவாகாவிட்டால் குழந்தை காப்பகத்துக்குப் போகும். சித்திதான் என்று தெளிவானால் சித்தி சிறைக்குப் போவாள். அப்பாவுக்கு மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலை என்பதால் குழந்தை அப்போதும் காப்பகத்துக்குத்தான் போகும்.

"ரெண்டு வழியும் ஒரே இடத்துக்குத்தான் போகுது. இதுக்கு எதுக்கு ஒரு தாள்?" என்றார் கடுகு.

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்திருந்த சிட்டு பக்கத்து அறையில், பொம்மைகள் வைத்த மூலையில், குப்புறப் படுத்துக்கொண்டு வரைந்துகொண்டிருந்தாள். கடுகு போய் முதுகைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

கை அச்சு முழுசாக இல்லை. நடுவிரலையும் மோதிர விரலையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு சாய்ந்த கோடு போனது. ஒரு விரல் அகலம். அந்தக் கோட்டுக்குள் தோல் பால் மாதிரி சுத்தமாக இருந்தது. கோட்டைத் தாண்டியதும் விரல் மறுபடி தொடர்ந்தது.

"யாரு கண்ணு அடிச்சது?"

"யாரும் அடிக்கல."

"சூடு வச்சாங்களா?"

"இல்ல."

"சித்தி திட்டினாங்களா?"

"ம்." சிட்டு ஊதா நிறப் பென்சிலை எடுத்தாள். "பல்லு விளக்கலன்னு."

இதே கேள்விகளை நேற்றிலிருந்து ஏழு பேர் கேட்டிருந்தார்கள். ஏழு பேருக்கும் இதே பதில்தான். பயந்துபோய்ச் சொல்கிறாள் என்று ஏழு பேரும் எழுதி வைத்திருந்தார்கள்.

காலை 9.50.

சித்தி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் உதவியாளர் வேலை. தூங்கின முகமாகத் தெரியவில்லை.

"சனிக்கிழமையிலேர்ந்து சொல்லு. மணியோட சொல்லு."

"சனிக்கிழமை காலையில எனக்கு டியூட்டி மேடம். இவரு அன்னிக்கு விடிகாலையிலேயே வெளியூர் வேலைக்குக் கிளம்பிட்டாரு. பாப்பாவுக்கு பதினோரு மணிக்கு நீச்சல் கிளாஸ். அண்ணிதான், இவரோட அக்கா, ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போய் விட்டாங்க. பன்னிரண்டே முக்காலுக்கு நான் நேரா அங்க போய்க் கூட்டிட்டு வந்தேன்."

"அன்னிக்கு அவளை யார் குளிப்பாட்டினது?"

"நான்தான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

"முதுகுல?"

"ஒண்ணும் இல்ல மேடம். சத்தியமா ஒண்ணும் இல்ல."

"ஞாயித்துக்கிழமை?"

சித்தி தயங்கினாள். "சாயங்காலம் குளிப்பாட்டறப்போ லேசா சிவந்திருந்துச்சு. திட்டுத் திட்டா. கை மாதிரியெல்லாம் தெரியல. வேர்க்குருன்னு நினைச்சு பவுடர் போட்டு விட்டேன். திங்கக்கிழமை காலையில அவளே சட்டை மாட்டிக்கிட்டா. இப்ப அவளே மாட்டிக்கறதுதான் பெருமை அவளுக்கு."

"சனிக்கிழமை ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை சிவப்பு. திங்கக்கிழமை கொப்புளம். அப்படித்தானே?"

"ஆமாம் மேடம். யாரும் நம்பலன்னு தெரியும். நானே வெளியில நின்னு கேட்டா நானும் நம்ப மாட்டேன். சித்தின்னா அப்படித்தானே."

கடுகு எழுதுவதை நிறுத்தவில்லை. ஆறுதல் சொல்வது அவருக்குக் கைவராத வேலை. ஆனால் பேனா கொஞ்சம் அழுத்தமாக ஓடியது.

காலை 10.30.

அத்தை வந்து உட்கார்ந்ததுமே அறைக்கு வாசனை வந்தது. மடியில் ஜிப் வைத்த ஒரு பை. முழுக்கைச் சட்டை. கைக்கடிகாரத்தை வலது மணிக்கட்டில் கட்டியிருந்தாள். பழக்கம் இல்லாததால் மணி பார்க்கும்போதெல்லாம் முதலில் இடது கையைத் தூக்கிவிட்டு, பிறகு வலது கைக்கு வந்தாள்.

"கை மாறிப் போச்சா?"

"பட்டை ஒத்துக்கல மேடம். தடிச்சுப் போச்சு." இடது கைச் சட்டையைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டினாள். மணிக்கட்டின் மேல்பக்கம் உள்ளங்கை அளவுக்குப் பழுப்புத் திட்டு. "அது கிடக்கட்டும். அவளைப் பிடிச்சு உள்ள போடறதுக்கு இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"ஆதாரம் வேணும்."

"பல் ஆஸ்பத்திரியில அவ என்ன பண்றா தெரியுமா? பல்லுல அமிலம் தடவறாங்க. கையுறை போட்டுக்கிட்டுத் தடவறாங்க. கையுறையில அமிலத்தைத் தொட்டு முதுகுல வச்சா, வச்சவ கை பொசுங்காது. யோசிச்சுப் பாருங்க."

எரிச்சல் என்னவென்றால், யோசித்துப் பார்த்தால் அது சரியாகத்தான் இருந்தது. குழந்தையின் தோலைப் பொசுக்கும் அளவுக்குச் சுடுகிற கை முதலில் தன்னைப் பொசுக்கிக்கொள்ளும். அப்படியென்றால் கையில் ஏதோ இருந்திருக்கிறது. நேற்றிலிருந்து கடுகு யோசித்து வைத்திருந்ததை இந்தம்மா இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டாள்.

"சனிக்கிழமை நீங்கதானே குழந்தையைக் கூட்டிட்டுப் போனது? முதுகுல ஏதாவது தடவினீங்களா? கிரீம், எண்ணெய், ஏதாவது?"

"ஒரு சொட்டு வைக்கல. வைக்கத்தான் விட மாட்டாளே." அத்தை பையைத் திறந்தாள். உள்ளே சின்னச் சின்னப் பழுப்புப் பாட்டில்கள், வரிசையாக. "நான் வாசனை எண்ணெய் வைத்தியம் முறையா படிச்சவ மேடம். மூணு மாசம் முன்னாடி சிட்டுவுக்கு மூக்கடைப்புன்னு ரூம்ல புதினா எண்ணெயைப் புகை மாதிரி விட்டேன். ஜன்னல் சாத்தியிருந்துச்சு, குழந்தை கொஞ்சம் மூச்சு வாங்கிச்சு. அவ்வளவுதான். டாக்டர் ஒரு பாட்டு, இவ ஒரு பாட்டு. குழந்தை இருக்கற வீட்டுல எண்ணெயே கூடாதுன்னு என் பாட்டிலையெல்லாம் அட்டைப் பெட்டியில போட்டுத் திருப்பி அனுப்பிட்டா. என் தம்பி வீட்டுலேர்ந்து என் பொருளை அனுப்ப இவ யாரு?"

"குழந்தைக்கு மூச்சு வாங்கினது உங்களுக்குக் கொஞ்சமா?"

"இதெல்லாம் இயற்கை மேடம். கெமிக்கல் கிடையாது."

"அரளி விதையும் இயற்கைதான்."

அத்தை அதைக் காதில் வாங்கவில்லை. அவள் பார்வை கான்ஸ்டபிள் மேல் போயிருந்தது. "தலைவலியாம்மா உனக்கு? இங்க வா." கடுகு வாயைத் திறப்பதற்குள் ஒரு பாட்டிலைத் திறந்து, ஒரு டப்பியிலிருந்து அரை ஸ்பூன் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, அதில் மூன்று சொட்டு விட்டாள். "நேரா வைக்க மாட்டேன், கலந்துதான் வைப்பேன். அது தெரியாதவங்கதான் தோலைக் கெடுத்துக்கறாங்க." இரண்டு கையையும் சேர்த்துச் சூடு பண்ணி, முகர்ந்து, வலது கையைக் கான்ஸ்டபிளின் பின்கழுத்தில் வைத்தாள். அசைக்காமல் பத்து எண்ணினாள். எடுத்தாள். கைக்குட்டையால் கையைத் துடைத்தாள்.

"தேய்ச்சு விட மாட்டீங்களா?" என்று கான்ஸ்டபிள் கேட்டாள்.

"தேய்க்கவே கூடாது. வச்சு எடுக்கணும். தோலு தானா குடிக்கும். எங்க முறை அது."

அறை முழுக்க எலுமிச்சை மணத்தது.

"நல்ல வாசனை மேடம்" என்றாள் கான்ஸ்டபிள், கடுகிடம்.

"போன வாரம்தான் வந்துச்சு" என்றாள் அத்தை பெருமையாக. "நாலு வருஷமா வாங்கினது தீர்ந்து போச்சு. இது அதைவிட சுத்தம். காய்ச்சறது, வடிக்கறது ஒண்ணும் கிடையாது. பச்சைத் தோலை அப்படியே அழுத்திப் பிழிஞ்சது."

"காவல் நிலையத்துக்குள்ள வைத்தியம் பாக்காதீங்க" என்றார் கடுகு. "வாக்குமூலத்துல கையெழுத்துப் போடுங்க. குழந்தை மேல எதுவும் வைக்கலன்னு சொன்னீங்க, படிச்சுப் பாத்துப் போடுங்க."

அத்தை படித்தாள். போட்டாள்.

பகல் 11.40.

நீச்சல் பயிற்சியாளர் போனில் பேசினார். பின்னால் முப்பது குழந்தைகளின் இரைச்சல்.

"சனிக்கிழமை மோட்டார் ரிப்பேர் மேடம். ஒரு மணி நேரம் தண்ணிக்குள்ள யாரையும் இறக்கல. எல்லாரும் நீச்சல் டிரஸ்ஸோட மேடையிலதான் உக்காந்திருந்தாங்க."

"நிழல் இருக்கா அங்க?"

"அந்த நேரத்துக்கு இருக்காது."

"சிட்டு என்ன டிரஸ்?"

"எல்லாப் பொண்ணுங்களுக்கும் ஒரே மாதிரிதான். பின்னால ரெண்டு பட்டை, குறுக்கே."

கடுகு போனை வைத்ததுமே கான்ஸ்டபிள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தலைவலி போயிருந்தது, அதற்குப் பதிலாக ஒரு யோசனை வந்திருந்தது.

"மேடம், அந்தச் சாய்ஞ்ச கோடு நீச்சல் டிரஸ் பட்டைதான். அப்ப அந்த டிரஸ் போட்டிருந்தப்பதான் அடி விழுந்திருக்கு. கோச்தான் மேடம். தூக்கிட்டு வரவா?"

"அடின்னா எப்ப சிவக்கும்?"

"உடனே."

"அப்புறம்?"

"அப்புறம்... குறையும்."

"இது?"

கான்ஸ்டபிள் யோசித்தாள். சனிக்கிழமை மாலை ஒன்றுமில்லை. ஞாயிறு சிவப்பு. திங்கள் கொப்புளம். "கூடிக்கிட்டே போகுது" என்றாள் மெதுவாக.

"அமிலமா இருந்தா?"

"வச்ச உடனே பொசுங்கும். குழந்தை கத்தியிருக்கும்."

"நேத்திலேர்ந்து எல்லாரும் ஞாயித்துக்கிழமை ராத்திரி என்ன நடந்துச்சுன்னு கேட்டுக்கிட்டு இருக்கீங்க. கேட்க வேண்டியது சனிக்கிழமை பகல். நீ போ, வாசல்ல நில்லு. குழந்தையோட அப்பா பன்னிரண்டரைக்கு வர்றேன்னான். நேரா எங்கிட்ட கூட்டிட்டு வா. நடுவுல அவங்க அக்கா கையில சிக்க விடாதே."

கான்ஸ்டபிள் வெளியே போனாள். கடுகு பொம்மை மூலைக்குப் போய், சிட்டுவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முட்டி நோகும் என்று தெரிந்தே உட்கார்ந்தார்.

"யார் அடிச்சான்னு கேக்க மாட்டேன்."

சிட்டு நம்பிக்கை இல்லாமல் பார்த்தாள்.

"சனிக்கிழமை நீச்சலுக்குப் போனியே, அப்ப உன் முதுகு என்ன வாசனை அடிச்சது?"

பென்சில் நின்றது. "எலுமிச்சை மிட்டாய் வாசனை." பிறகு, பதறிப்போய்: "அது சொல்லக் கூடாது."

"யாருகிட்ட?"

"சித்திகிட்ட."

"நான் சித்தி இல்லையே."

சிட்டு அதை யோசித்துப் பார்த்தாள். சட்டப்படி சரியாகத்தான் இருந்தது. "தண்ணி பயம் போறதுக்கு. டிரஸ் மாத்தற ரூம்ல. பத்து எண்ணினாங்க. நானும் எண்ணினேன்."

பகல் 12.15.

தோல் டாக்டர் பத்து தடவை மணி அடித்த பிறகு போனை எடுத்தார். அவரும் எரிச்சலில்தான் இருந்தார்.

"டாக்டர், தோல்ல வைக்கறப்போ ஒண்ணும் பண்ணாம, வெயில் பட்ட பிறகு பொசுக்கற எண்ணெய் ஏதாவது இருக்கா?"

"எலுமிச்சை ஜாதியா?"

"ஆமாம்."

"பிழிஞ்சதா, வடிச்சதா?"

அத்தை பாட்டிலைப் பையில் போட்டு மூடியிருந்தாலும் அவள் சொன்னது கடுகின் காதில் இருந்தது. "பச்சைத் தோலை அழுத்திப் பிழிஞ்சது."

"அதேதான். அந்தத் தோல்ல ஒரு சத்து இருக்கு. வெயிலோட சேர்ந்தா சருமத்தைச் சுட்டுடும். ஆவியில வடிச்சா அந்தச் சத்து எண்ணெய்க்குள்ள வராது, அதனால வடிச்சது வெயிலுக்குப் பயமில்லை. ரெண்டும் ஒரே பழம், ஒரே வாசனை, ஒரே பாட்டில். லேபிள்ல பொடி எழுத்துல ஒரு வார்த்தைதான் வித்தியாசம். அதை எவனும் படிக்கறதில்ல."

"தேங்காய் எண்ணெயில கலந்தா?"

"எவ்வளவு கலந்தாங்க?"

"அரை ஸ்பூனுக்கு மூணு சொட்டு."

டாக்டர் பெருமூச்சு விட்டது போனிலேயே கேட்டது. "அரை ஸ்பூனே அம்பது சொட்டுதான். நூறு சொட்டுக்கு முழுசா ஒரு சொட்டுகூட ஜாஸ்தி. குழந்தைக்கு அதுவும் வேண்டாம். வச்சா ஒரு நாள் முழுக்க அந்த இடத்துல வெயில் படக் கூடாது. பட்டா அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. மறுநாள் சிவக்கும், அதுக்கடுத்த நாள் கொப்புளம். இதை அடின்னு நினைச்சு ஆளை மாட்டி விடறது புதுசில்ல. குழந்தையை வெயில்ல விடாதீங்க, கொப்புளத்தை உடைக்காதீங்க, என்கிட்ட கூட்டிட்டு வாங்க."

"பெரியவங்களுக்கும் இப்படித்தானா?"

"தோல் தோல்தானே."

கடுகு போனைப் போட்டுவிட்டு எழுந்தார். வாசலில், உச்சி வெயிலில், கொண்டையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பின்கழுத்து பளபளக்க அரை மணி நேரமாகக் கான்ஸ்டபிள் நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள வா."

"அவரு இன்னும் வரல மேடம்."

"உள்ள வான்னா வா. பின்கழுத்தை சோப்புப் போட்டுக் கழுவு. ரெண்டு தடவை. அப்புறம் துண்டைச் சுத்திக்கோ. இன்னிக்கு முழுக்க வெளியில தலை காட்டக் கூடாது."

"தண்ணியில கழுவினா போதாதா மேடம்?"

"எண்ணெய் என்னிக்குடி தண்ணியில போயிருக்கு?"

மாலை 3.20.

அறையில் நான்கு நாற்காலிகள். அத்தை, பையோடு. சித்தி. பயணத் தூசியோடு வந்து சேர்ந்திருந்த லிஃப்ட் மெக்கானிக். மனைவிக்கும் அக்காவுக்கும் நடுவில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பக்கமும் பார்க்காமல் தரையைப் பார்த்தான். சிட்டு பக்கத்து அறையில் கான்ஸ்டபிளோடு இருந்தாள்.

"இது அடி இல்ல, சூடு இல்ல, அமிலம் இல்ல" என்றார் கடுகு. "அதெல்லாம் பட்ட உடனே தெரியும், போகப் போகக் குறையும். இது ரெண்டு நாள் கழிச்சுக் கூடியிருக்கு. எல்லாரும் காயத்தோட வடிவத்தைப் பாத்தீங்க. அது வந்த வரிசையை யாரும் பாக்கல. இவ மட்டும் சொன்னா. சித்தி சொன்னதுங்கறதால பொய்யின்னு எழுதிட்டாங்க."

சித்தி தலையைத் தூக்கினாள்.

"கையில எண்ணெய் இருந்திருக்கு. தேய்க்காம, வச்சு எடுத்த கை. தேய்ச்சிருந்தா திட்டா பரவியிருக்கும். அஞ்சு விரலும் அச்சா விழுந்திருக்காது. எண்ணெய் வச்சு, மேல நீச்சல் டிரஸ் மாட்டி, வெயில்ல ஒரு மணி நேரம். பட்டை மூடின இடம் தப்பிச்சுது. மூடாத இடம் வெந்துது. வச்சவங்க உள்ளங்கைத் தோல் தடிமன், கைக்குட்டையில துடைச்சுக்கிட்டாங்க, அதனால அங்க ஒண்ணும் ஆகல. ஆனா வாட்சைக் கழட்டிட்டு, அதே எண்ணெயைத் தன் மணிக்கட்டுலயும் வச்சுக்கிட்டு ஸ்கூட்டர் ஓட்டினாங்க. வெயில் அங்க பட்டுது." கடுகு அத்தையைப் பார்த்தார். "உங்க வாட்ச் பட்டை மேல தப்பில்லம்மா."

அத்தையின் வலது கை தானாக இடது மணிக்கட்டை மூடியது.

"நாலு வருஷம் வாங்கினது வடிச்சது. வெயில்ல ஒண்ணும் பண்ணாது. போன வாரம் வந்தது பிழிஞ்சது. லேபிளைப் படிங்க."

அத்தை பாட்டிலை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தாள். முறையாகப் படித்தவளாயிற்றே, அந்த ஒரு வார்த்தை என்னவென்று அவளுக்குத் தெரியும். படித்த பிறகு பாட்டில் கையிலேயே இருந்தது.

"அவளுக்குத் தண்ணின்னா பயம்" என்றாள். "தைரியமா இறங்கணும்னுதான்... என் தம்பி குழந்தை மேடம். அதை நான் பொசுக்குவேனா?"

"மாட்டீங்க. எண்ணெய் வச்சது தெரியாம செஞ்சது. டாக்டரும் அதைத்தான் எழுதுவாங்க. ஆனா சித்திகிட்ட சொல்லாதேன்னு அஞ்சு வயசுக் குழந்தை வாயைக் கட்டினீங்களே, அது? அந்தக் குழந்தை ரெண்டு நாளா உங்களுக்காக வாயைத் திறக்கல. இன்னிக்குக் காலையில இங்க உக்காந்து, ஒரு சொட்டு வைக்கலன்னு கையெழுத்துப் போட்டீங்களே, அது? வச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பத்தரை மணிக்கே எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஏம்மா சொல்லல?"

பாட்டில் பைக்குள் போனது, ஜிப் மூடியது. பிறகு அத்தை, யாரையும் பார்க்காமல், சொன்னாள்:

"சொன்னா அவ ஜெயிச்சிடுவா."

பத்தொன்பது வருட வேலையில் கடுகு எத்தனையோ காரணங்களைக் கேட்டிருந்தார். கோபம் வந்தது, வெடிக்கலாம் என்று வாயையும் திறந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் வெடிப்பதற்கு எதுவும் மிச்சம் இல்லை. ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"புகாரை வாபஸ் வாங்குங்க. பொய் வாக்குமூலத்துக்கு தனியா ஒண்ணு எழுதணும். அதை நீங்களே எழுதுங்க. இந்தத் தடவை படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க."

மாலை 4.00.

வண்டி சரியாக வந்து நின்றது. வேண்டிய அன்றைக்கு மூன்று மணி நேரம் தாமதமாகும். வேண்டாத அன்றைக்கு நிமிடம் பிசகாது. ஓட்டுநர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எந்தக் குழந்தைங்க மேடம்?"

"எந்தக் குழந்தையும் இல்ல. திரும்பிப் போங்க."

"நாலு காப்பி கையெழுத்து வேணுமே."

"கொடுங்க" என்று பிடுங்கி, நான்கிலும் போட்டார் கடுகு.

சித்தி பக்கத்து அறையிலிருந்து சிட்டுவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதுகில் கை படாமல், இடுப்பையும் தொடையையும் தாங்கித் தூக்கியிருந்தாள். குழந்தை அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சித்தி சித்தி, நான் சொல்லல, போலீஸ்தான் கண்டுபிடிச்சாங்க, என்று அவசர அவசரமாகச் சொன்னாள். பரவாயில்லடா, இனிமே சித்திகிட்ட எல்லாம் சொல்லலாம், என்று சித்தி சொன்னாள்.

மெக்கானிக் எழுந்து வந்தான். "வா, ஆட்டோ பிடிக்கறேன். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். அக்கா இப்படிப் பண்ணுவான்னு எனக்கு..."

"அவங்களை விடுங்க" என்றாள் சித்தி. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அவனை நிறுத்தியது. "நேத்து சாயங்காலம் நீங்க போன் பண்ணீங்க. குழந்தைக்கு என்ன ஆச்சுன்னு நீங்க கேக்கல. நீ என்ன பண்ணினேன்னு கேட்டீங்க."

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். கடுகு ஒரு கோப்பைத் திறந்து, அதில் ஏதோ முக்கியமாக இருப்பதாகக் காட்டிக்கொண்டு படித்தார்.

சித்தி குழந்தையோடு நிழல் பக்கமாகவே நடந்து வாசலுக்குப் போனாள். பொம்மை மூலையில் சிட்டுவின் செருப்பு இரண்டும் கிடந்தன. மெக்கானிக் குனிந்து அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனான்.